சித்தப்பாவின் குரல் பதிவும் எனக்குப் புரியாத வேளாண் சொற்களும்

உட்லண்ட்ஸ்காரன் | வெள்ளி, இரவு 9.15

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பா இருந்தவரை எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இப்போது சித்தப்பா பார்த்துக்கொள்கிறார், செலவுக்கு நான் இங்கே சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறேன். கணக்குக் கேட்பதாக அவர் நினைத்துவிடக் கூடாது, அதே நேரத்தில் கேட்டதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் முடியவில்லை. நேற்று வந்த குரல் பதிவின் சாரம் இது:

"தம்பி, தாளடி தூர் கட்டுகிறது. அடியுரம், முதல் மேலுரம் எல்லாம் போட்டாயிற்று. அடுத்த மேலுரத்துக்கு யூரியா நான்கு மூட்டை வேண்டும். கீழண்டைப் பக்கம் ஒரு மா அளவுக்குப் புகையான் தெரிகிறது, மருந்து அடிக்க வேண்டும். மண் பரிசோதனையில் களர் என்று வந்திருக்கிறது, ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுப்பிவிடு."

இதில் எனக்குப் புரிந்தது 'யூரியா', 'அனுப்பிவிடு' இரண்டும்தான். தெரிந்தவர்கள் விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

மண்வெட்டி | வெள்ளி, இரவு 10.40

தம்பி, நான் மன்னார்குடிப் பக்கம். இங்கே சாலையோர மரங்களையும் புல்வெளிகளையும் பராமரிக்கும் வேலையில் மேற்பார்வையாளர். ஊரில் இன்னும் நடவு இருக்கிறது. உங்கள் சித்தப்பா பேசுவது எனக்கு அன்றாடப் பேச்சு.

தாளடியிலிருந்து தொடங்குகிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். அந்தத் தண்ணீரை நம்பிப் போடுவது குறுவை. 105 முதல் 120 நாளில் முடியும் குறுகிய வயது ரகம், புரட்டாசி ஐப்பசியில் அறுவடைக்கு வந்துவிடும். குறுவை அறுத்த அதே வயலில் தாளை மடக்கி உழுது, சூட்டோடு சூடாக நடுவது தாளடி. குறுவையை விட்டுவிட்டு, நீண்ட வயது ரகத்தை ஒரே போகமாக எடுத்தால் அது சம்பா. தாளடிக்கு உள்ள தலைவலி, நட்ட கையோடு வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். நாம் இங்கே டிசம்பரில் குடையும் கையுமாகத் திரிகிறோமே, அதே பருவக்காற்றுதான் அங்கேயும் கொட்டுகிறது. பாய்ச்சுகிற வாய்க்காலைவிட வடிகிற வாய்க்காலைத்தான் தாளடிக்காரர் அதிகம் பார்ப்பார்.

தூர் கட்டுவது என்றால், நட்ட நாற்றின் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைத்துக் கொத்தாவது. எத்தனை கதிர் வரும் என்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும். அதன்பின் தண்டு உருளும், தொண்டைக்கதிர் நிற்கும் (கதிர் இலையுறைக்குள்ளேயே திரண்டு நிற்பது), கதிர் வெளியே வந்து பூக்கும், பால் பிடிக்கும், முற்றும். பால் பிடிக்காமல் உமி மட்டும் நிற்பது பதர், ஊர்ப்பேச்சில் சாவி. "எல்லாம் சாவியாகிவிட்டது" என்று என்றைக்காவது பதிவு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாதீர்கள்.

அடியுரம் கடைசி உழவில், நடவுக்கு முன் மண்ணோடு கலப்பது. மேலுரம் நின்ற பயிருக்கு இடையிடையே தூவுவது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தண்ணீரோடு ஓடியும் ஆவியாகியும் வீணாகக்கூடியது, அதனால் அதைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறோம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அவ்வளவாக நகராது. அதை முழுவதையும் அடியுரமாகவே போட்டுவிடலாம்.

அடுத்தது புகையான். இது பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். உள்ளே இறங்கி, தூரை இரு கையாலும் விலக்கித் தட்டினால் தண்ணீரில் பொலபொலவென்று விழும். விட்டுவிட்டால் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீயில் புகைந்த மாதிரி நிற்கும்.

இப்போது அந்தப் பதிவை மறுபடி கேளுங்கள். யூரியாவும் புகையானும் ஒரே மூச்சில் வருகின்றன. தழைச்சத்து மிஞ்சி, கொழுகொழுவென்று வளர்ந்த பயிர்தான் புகையானுக்கு விருந்து. பூச்சி தெரிகிற நேரத்தில் நான்கு மூட்டை யூரியா கொட்டுவதை நான் ஒப்பமாட்டேன். தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள், முதலில் அது நடக்கட்டும்.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 8.05

மண்வெட்டி அண்ணன் சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன்.

ஒரு மா: டெல்டாவில் ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 14,400 சதுர அடி, சென்ட் கணக்கில் 33. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், 20 மா ஒரு வேலி. வேறு மாவட்டங்களில் குழியின் அளவே வேறு, ஆகவே நிலப் பேச்சு வந்தால் எந்த ஊர்க் குழி என்று கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் இரண்டரை ஏக்கரில் ஒரு மா என்பது எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முழு வயலுக்கும் மருந்துச் செலவு கேட்டால் ஏன் என்று நீங்கள் கேட்கலாம்.

உரம்: இரண்டரை ஏக்கர் கிட்டத்தட்ட ஒரு ஹெக்டேர். மத்திய, நீண்ட வயது நெல்லுக்குத் தமிழகத்தில் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்) முறையே 150, 50, 50 கிலோ. இவை சத்தின் எடை, மூட்டையின் எடை இல்லை. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் 100 கிலோவுக்குத் தழை 18, மணி 46. யூரியாவில் தழை 46. பொட்டாஷில் சாம்பல்சத்து 60. எனவே மணிச்சத்து 50 கிலோவுக்கு டி.ஏ.பி. 109 கிலோ. அதிலேயே தழைச்சத்து 20 கிலோ வந்துவிடுகிறது. பாக்கி 130 கிலோ தழைக்கு யூரியா சுமார் 283 கிலோ. இப்போதைய மூட்டை 45 கிலோ என்பதால் பருவம் முழுவதற்கும் ஆறேகால் மூட்டை.

தழைச்சத்தை நான்கு சம பாகமாக அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று கொடுக்கச் சொல்வார்கள். ஒரு பாகம் 37.5 கிலோ. மேலுரமாக அதற்கு யூரியா 82 கிலோ போதும், அதாவது இரண்டு மூட்டைக்கும் குறைவு. சித்தப்பா கேட்பது நான்கு. குறுகிய வயது ரகம் என்றாலோ, மண் பரிசோதனை அட்டையில் வேறு அளவு இருந்தாலோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த அட்டைக்குத்தான் முதல் மரியாதை.

மாடித்தோட்டம் | சனி, காலை 9.30

மூட்டைக் கணக்கெல்லாம் உங்களுக்கு. எனக்கு இங்கே பூங்காவில் வாடகைக்குக் கிடைத்த பாத்தி, 2.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். தேசியப் பூங்காக் கழகம் மூன்றாண்டு குத்தகைக்குக் கொடுக்கிறதே, அதுதான். கணக்குப்பிள்ளை தம்பியின் குழியில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் என் குழப்பத்துக்குக் குறைவில்லை.

பக்கத்துப் பாத்திக்காரர் தன் பூசணி இலையில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்து "மாவுப்பூச்சி" என்று வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் முழுவதும் அடித்துத் தள்ளினார். அது பூச்சியே இல்லை. விரலால் தடவினால் முகப்பவுடர் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது, நகரவில்லை, நசுங்கவில்லை. சாம்பல் நோய், அதாவது பூஞ்சை. மாவுப்பூச்சி என்றால் தண்டு கிளைக்கும் இடுக்கில் பஞ்சுப் பொதியாக உட்கார்ந்திருக்கும், குச்சியால் நிமிண்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக உடம்பு தெரியும், அருகில் எறும்பு ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி நட்டதுதான் அவருடைய பிரச்சினை. இலைகளைக் கழித்துவிட்டதும் பாதி குறைந்தது.

இன்னொன்று: பஞ்சகவ்யம் உரமா? என் பாத்திக்கு 3 விழுக்காடு கரைத்துத் தெளிக்கிறேன், கீரை நன்றாகவே வருகிறது.

மண்வெட்டி | சனி, காலை 11.10

அக்கா, அது வளர்ச்சி ஊக்கி. உரம் என்ற சொல்லை நான் அதற்குக் கொடுக்கமாட்டேன். 100 லிட்டர் தண்ணீரில் மூன்று லிட்டர் கலந்து இலையில் தெளிப்பதில் எத்தனை கிராம் தழைச்சத்து போய்ச் சேரும்? உங்கள் கீரையை வளர்ப்பது பாத்தியில் கலந்த மக்கிய எருதான்.

மாடித்தோட்டம் | சனி, மதியம் 12.20

கிராம் கணக்குப் பார்த்தால் அப்படித்தான். அதில் உள்ள நுண்ணுயிரிகளை எந்தத் தராசில் நிறுப்பீர்கள்? எங்கள் ஊரில் தென்னைக்கே ஊற்றுகிறார்கள்.

நான்காம் தலைமுறை | சனி, மதியம் 12.45

உரமோ ஊக்கியோ, அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதையில் மட்டும் ஊறவைத்துவிடாதீர்கள். சாணமும் கோமியமும் தயிரும் நெய்யும் சேர்ந்து புளிக்கும் வாடை எங்கள் மாடியில் ஒருமுறை வீசியது. நகர மன்றத்துக்குப் புகார் போய், வாளியோடு வீட்டுக்காரரும் சேர்ந்து வெளியேற வேண்டியிருக்குமோ என்று பயந்துவிட்டோம். வாளியை மூடாமல் வைத்தால் கொசு, அதற்கு வேறு அபராதம்.

நான் இங்கேயே பிறந்தவள். ஒரு காலத்தில் சிராங்கூன் வட்டாரம் மாட்டுத் தொழுவங்களுக்குப் பேர்போனது, பஃபலோ சாலையும் எருமை என்றே பொருள்படும் கெர்பாவ் சாலையும் அந்தக் காலத்தின் மிச்சம் என்று பாட்டி சொல்லிக் கேட்டதோடு சரி. எனக்கு உழவு தெரியாது. மண்ணில்லா முறையில் கீரை வளர்க்கும் பண்ணையில் வேலை பார்க்கிறேன், அதனால் ஒரு சந்தேகம். எங்கள் ஊட்டக் கரைசலில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனை தினமும் அளக்கிறோம். இலைக்கீரைக்கு மீட்டருக்கு 1.2 முதல் 2 டெசிசைமன்ஸ் வரை வைப்போம். அதே சொல் ஊர் மண் பரிசோதனை அட்டையிலும் இருக்கிறதே, களர் என்பது அதுதானா?

மண்வெட்டி | சனி, மாலை 6.30

நல்ல கேள்வி, இதில்தான் ஊரிலேயே பாதிப் பேர் சறுக்குகிறார்கள். களரும் உவரும் வேறு வேறு.

உவர் என்றால் கரையும் உப்பு மிகுதி. தங்கச்சி அளக்கும் அதே மின்கடத்துத்திறன், மண் சாற்றில் 4 டெசிசைமன்ஸுக்கு மேல் போனால் உவர் நிலம். மேலே வெள்ளைப் பொருக்குத் தெரியும். நல்ல தண்ணீர் கட்டி, கரைத்து, வடித்துவிட வேண்டியதுதான். ஜிப்சம் இதற்குத் தேவையில்லை.

களர் என்றால் சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிலம். கார அமில நிலை 8.5க்கு மேல் இருக்கும். மழை பெய்தால் சேறு குழம்பி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கும், காய்ந்தால் கல்லாக இறுகும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். இடம்பெயர்ந்த சோடியம் தண்ணீரோடு வயலை விட்டு வெளியேறினால்தான் பயன். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது பணத்தைச் சேற்றில் புதைப்பது.

உட்லண்ட்ஸ் தம்பி கவனிக்க வேண்டியது: பயிர் நிற்கும்போது அந்த வேலை நடக்காது. நடவுக்கு முன் ஜிப்சம் போட்டு, உழுது, தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். ஆகவே அந்தப் பணம் இப்போது வேண்டாம், கோடைக்கு ஒதுக்குங்கள். அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் களருக்கு இன்னும் நல்லது, அந்தச் செடி களரைத் தாங்கும். வயலிலேயே வளர்த்து மடக்கினால் பசுந்தாள் உரம். வேம்பு, புங்கன், கிளிரிசிடியா தழையை வெளியிலிருந்து வெட்டிவந்து மிதித்தால் பசுந்தழை உரம். கூலிக் கணக்கில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

சிங்கப்பூர்த் தோட்டக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஜிப்சம் வாங்க ஓட வேண்டாம். இங்குள்ள செம்மண் புளிப்பு மண். அதற்கு வேண்டியது சுண்ணாம்பு அல்லது டோலமைட்.

கரிசல்காட்டான் | சனி, இரவு 10.15

எல்லோரும் வாய்க்கால் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். கோவில்பட்டிப் பக்கம் வந்து பாருங்கள், எங்களுக்கு மேட்டூரும் இல்லை, மடையும் இல்லை. வானம் பார்த்த பூமி, மானாவாரி. கிணற்றுத் தண்ணீரை இறைத்துச் செய்தால் இறவை.

எங்களுக்குள்ள பெரிய சொல் பதம். மழை பெய்த மறுநாள் உழுதால் கரிசல் கலப்பையில் அப்பிக்கொள்ளும், நான்கு நாள் தள்ளினால் கட்டி பெயரும். நடுவில் ஒரு நாள், சில சமயம் அரை நாள்தான் பதம். என் அப்பா ஒரு சாண் தோண்டி, ஒரு பிடி மண் எடுத்து உருட்டுவார். உருண்டை பிடிக்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும். கையில் ஈரம் ஒட்டினால் "நாளைக்கு" என்பார். எந்தக் கருவியும் இல்லை. துவாஸில் கான்கிரீட் கலவை சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன், அங்கே அந்த அப்பாவை நினைக்காத நாள் இல்லை.

மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவைப்பது புழுதி விதைப்பு. முதல் நல்ல மழையில் முளைத்துவிடும், மழை ஏமாற்றினால் விதை போச்சு. கோடை உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும். அறுத்த காட்டில் ஆடு மேய்க்கும் கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை மறிப்போம். ராத்திரி முழுவதும் ஆடு அங்கேயே படுத்துப் புழுக்கையும் மூத்திரமும் போடும். எரு அள்ள வண்டி வாடகை இல்லை.

மண்வெட்டி அண்ணே, ஒரு சந்தேகம். உங்கள் பக்கத்தில் "பட்டம் விட்டு நடு" என்கிறார்கள். எங்களுக்குப் பட்டம் என்றால் ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், அதாவது விதைக்கும் காலம். அதை எப்படி விடுவது?

மண்வெட்டி | ஞாயிறு, காலை 7.50

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. நெல் நடவில் பட்டம் என்பது நடாமல் விடும் சந்து. எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டு நட்டுக்கொண்டு போவது. வெளிச்சமும் காற்றும் தூர் வரை இறங்கும், புகையான் பெருகாது, மருந்து அடிக்கும் ஆள் பயிரை மிதிக்காமல் நடக்கலாம். அந்த ஒரு அடியில் நெல் போகிறதே என்று கணக்குப் பார்ப்பவர்கள்தான் பிறகு மருந்துக்கடையில் வரிசையில் நிற்பார்கள்.

மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரச் சேத நிலை என்று ஒன்று உண்டு. பூச்சி எந்த அளவைத் தாண்டினால் மருந்துச் செலவைவிட நட்டம் அதிகமாகுமோ அந்த அளவு. புகையானுக்குத் தண்டுக்கு ஒரு பூச்சி. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், சிலந்தி தின்றுவிடும். பைரித்ராய்டு வகை மருந்து மட்டும் வேண்டாம். சிலந்தி செத்துப் புகையான் முன்னைவிட வேகமாகப் பெருகிவிடும்.

உட்லண்ட்ஸ்காரன் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். "தூருக்குச் சிலந்தி இருக்கிறதா சித்தப்பா?" என்று கேட்டதும் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "உனக்கு யார் இதெல்லாம் சொன்னது?" என்றார். கோபம் இல்லை, குரலில் ஒரு சந்தோஷம்தான் தெரிந்தது.

நான்கு மூட்டை கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மேலுரம் போட்ட அன்று இரவே கனமழை, வரப்பு உடைந்து தண்ணீர் ஓடிவிட்டதாம். போனதையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு, இரண்டு மூட்டைக்குள் முடிக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஜிப்சம் கோடைக்கு. மருந்துக்கு அந்த ஒரு மாவுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

மண்வெட்டி | ஞாயிறு, இரவு 9.20

அவர் சொன்ன காரணம் நியாயமானதே, மழையில் போனது போனதுதான். வேளாண் விரிவாக்க மையத்தில் இலை வண்ண அட்டை கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பயிரின் இலையை அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட்டு, வெளிறியிருந்தால் மட்டும் யூரியா போடலாம். வெயில் நேரடியாக இலையில் படாமல், தன் உடம்பு நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்காரன் | ஞாயிறு, இரவு 9.45

சொல்லிவிடுகிறேன் அண்ணே. கடைசியாக ஒன்று. போனை வைக்கும்போது "தை பிறந்தால் தரிசில் உளுந்து தெளிக்கணும், விதைக்குச் சொல்லிவை" என்றார். நெல் நிற்கும்போது தரிசு எப்படி?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 10.10

நெல் தரிசு உளுந்து. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் மெழுகுப்பதத்து ஈரத்தில் உளுந்தைத் தூவிவிடுவார்கள். அறுத்து முடிக்கும்போது முளைத்திருக்கும். உழவும் இல்லை, பாசனமும் இல்லை, மீதமுள்ள ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும். ஏக்கருக்குப் பத்து கிலோ விதை, உங்களுக்கு 25 கிலோ. ஆனால் அறுவடை ஆளா, இயந்திரமா என்று முதலில் கேளுங்கள். இயந்திரம் என்றால் முளைத்த உளுந்தைச் சக்கரம் நசுக்கிவிடும். அறுவடைக்கு மூன்று நான்கு நாள் முன்பு தெளித்து, விதையையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.